பழைய எரிவாயு கீசர்: பழுதறிதலும் பாதுகாப்பும்

குளிர்காலம் தொடங்கியதும் புனே, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களின் பல இல்லங்களில் எரிவாயு கீசர் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. மின்சார கீசரில் நீர் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். இதிலோ குழாயைத் திறந்த சில நொடிகளிலேயே வெந்நீர் கிடைக்கிறது. ஆயினும், பல ஆண்டுகள் உழைத்த கருவி மாதக்கணக்கில் ஓய்ந்திருந்து மீண்டும் இயக்கப்படும்போது ஏதேனும் ஒரு குறையைக் காட்டுவது இயல்பு. அக்குறைகளுள் பெரும்பாலானவை சிறியவை. அதிகச் செலவின்றி நாமே சரிசெய்யக் கூடியவை. உயிருக்கு ஊறு விளைக்கும் குறையோ, வெந்நீர் தடையின்றி வரும்போதே மறைந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஒவ்வொரு குடும்பத்திற்கும் இன்றியமையாதது.

கருவி இயங்கும் முறை

குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் டயஃப்ரம் எனப்படும் ரப்பர் தகட்டைத் தள்ளுகிறது. அத்தகடு எரிவாயு வால்வைத் திறப்பதுடன் ஒரு சிறு ஸ்விட்சையும் இயக்குகிறது. உடனே பேட்டரியின் மின்சாரத்தால் தீப்பொறி எழுந்து பர்னர் பற்றுகிறது. சுடர் எரிவதை ஓர் உணர்கம்பி உறுதிசெய்யும் வரையில்தான் எரிவாயு தொடர்ந்து செல்லும். செம்புக் குழாயின் வழியே ஓடும் நீர் சூடாகி வெளிவருகிறது. இந்த வரிசையை நினைவிற்கொண்டால், பழுது எந்தப் படியில் நேர்ந்தது என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அறிகுறியும் காரணமும்

தீப்பொறியின் ஓசையே கேட்கவில்லையெனில், முதலில் இரண்டு பேட்டரிகளையும் ஒருசேர மாற்ற வேண்டும். அவை பொருந்தும் இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். பேட்டரி புதிதாயினும் பொறி எழாவிடில், நீரின் அழுத்தம் போதவில்லை என்று பொருள். கீசருக்குள் நீர் நுழையும் இடத்திலுள்ள வலைவடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் பல நேரங்களில் குறை நீங்கிவிடும். உப்புப் படிந்த ஷவர் தலையும் இதே தொல்லையைத் தரும். மேல்தளத்துக் குடியிருப்புகளில் தொட்டிக்கும் கீசருக்கும் இடையே போதிய உயரம் இல்லாமையும் ஒரு காரணம்.

பொறி எழுந்தும் சுடர் பற்றவில்லையெனில், சிலிண்டரில் எரிவாயு உள்ளதா, ரெகுலேட்டர் திறந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சுடர் பற்றிய சில நொடிகளில் அணைந்தால், உணர்கம்பியில் கரி படிந்திருக்கலாம். ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பின் அணைந்தால் அது பழுதன்று. பல மாதிரிகளில் அமைந்துள்ள தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாடு.

குழாயை மூடிய பின்னும் சுடர் எரிந்துகொண்டிருந்தால், தாமதமின்றிச் சிலிண்டரை மூடிவிட்டு, பழுது நீங்கும் வரை கருவியைப் பயன்படுத்தலாகாது. டயஃப்ரம், வால்வு, பர்னர் ஆகியவற்றைக் கழற்றும் பணியைப் பயிற்சி பெற்ற பணியாளரிடமே விட வேண்டும்.

சுடரின் நிறமும் காற்றின் அளவும்

மேற்கூறியவை வெந்நீர் வராத பழுதுகள். வெந்நீர் வரும்போதும் கவனிக்க வேண்டியது சுடரின் நிறம். நீலச் சுடர் முழுமையான எரிதலைக் காட்டும். மஞ்சள் சுடரும், கருவியின் மேற்பகுதியில் படியும் கரியும் எரிதல் முழுமையடையவில்லை என்பதன் அடையாளங்கள். அந்நிலையில் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. சமையல் எரிவாயு கசிந்தால் நாம் அறியும்பொருட்டு அதில் மணமூட்டி சேர்க்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிணைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் எனத் தொடங்கி, கதவைத் திறக்கவும் இயலாத மயக்கத்தில் முடிகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 5 அடி நீளம், 6 அடி அகலம், 8 அடி உயரமுள்ள குளியலறையில் ஏறத்தாழ 7 கன மீட்டர் காற்று இருக்கும். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரைச் சூடாக்கும் கீசர், பத்து நிமிடங்களில் சுமார் 2 கன மீட்டர் காற்றைப் பயன்படுத்திவிடுகிறது. குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் அடைத்துவிட்டால், குளிப்பவரும் கருவியும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகின்றனர். ஆக்சிஜன் குறையக் குறைய, பழுதற்ற கீசரும் நஞ்சை உமிழத் தொடங்கும்.

எனவே, பழைய கீசருக்குச் செலவிட எண்ணும் தொகையில் முதற்பங்கு அதனைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனிக்கோ பயன்பாட்டுப் பகுதிக்கோ மாற்றுவதற்கே உரியது. அறைக்குள்ளேயே வைத்துவிட்டுப் புதிய கருவி வாங்குவதால் ஆபத்து நீங்காது. வெளியே மாற்றும் வரை, வாளியில் வெந்நீரை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைச் சற்று நேரம் திறந்துவைத்த பின்னரே குளிக்க வேண்டும். வெளியேற்று விசிறி மட்டும் போதாது. புதிய காற்று உள்ளே வரும் வழியும் வேண்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும், இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிப்பதும் நலம். எரிவாயு மணம் வீசினால் மின் ஸ்விட்சுகளைத் தொடாமல், சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, 1906 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

காப்பீட்டை மறவாதீர்

எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள பொதுப் பொறுப்புக் காப்பீடு, எரிவாயுவை முதன்மைக் காரணமாகக் கொண்ட தீவிபத்துகளுக்கு உரியது. அதை மட்டுமே நம்பியிருத்தல் முறையன்று. ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டமும், 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டமும் தலா 2 லட்சம் ரூபாய் காப்பளிக்கின்றன. முன்னது ஆயுள் காப்பீடு. பின்னது விபத்துக் காப்பீடு. மே மாத இறுதியில் சேமிப்புக் கணக்கில் போதிய இருப்பு இருந்தால் அவை தாமாகவே புதுப்பிக்கப்படும். நியமனதாரர் பெயர் சரியாகப் பதிவாகியுள்ளதா என்பதையும் கிளையில் உறுதிசெய்துகொள்ளலாம்.

இருப்பினும், காப்பீடு இழப்பின் சுமையைக் குறைக்குமேயன்றி இழந்த உயிரை மீட்டுத் தராது. இந்த வாரமே கீசரின் சுடர் நீலமாக எரிகிறதா, அறைக்குள் காற்று வர வழியுள்ளதா என்று பார்த்துவிடுவோம்.