மலைப்பாதையில் காற்றைக் குறைப்பது ஏன்?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் தார்ச்சாலையில் மிதித்துப் பழகியவர், மலை சைக்கிளுக்கு மாறியதும் பழைய பழக்கத்தில் டயருக்குக் கல்லு மாதிரி காற்றடித்துவிடுவார். தவறே அங்குதான்.

சாலை டயருக்கு 80–100 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும். அகலமான மலை டயருக்கு 20–30 போதும். ஏன்? விறைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியோடு ஆளையும் தூக்கிப் போடும். மிதித்த சக்தி குதிப்பதிலேயே போய்விடும். தளர்ந்த டயரோ கல்லை உள்வாங்கி உருளும். அழுத்தம் கால்வாசியானால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. சரளையிலும் பிடிப்பு கிடைக்கும். (தார் ரோட்டில் மந்தமாகத்தான் போகும், திட்டாதீர்கள்.) ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் இடித்து டியூப் கிழியும். மண்பாதையில் இறங்குமுன் ஒருமுறை காற்றை அளந்து பாருங்கள்.