300, 450 ஆன கதை

1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இன்டெல் நிறுவனம் இரண்டு பிராசஸர்களை விற்பனைக்கு அனுப்பியது. ஒன்று பென்டியம் 2. வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். மற்றொன்று செலிரான் 300ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். கணிப்பொறியின் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டி, அதில் விளையாடி மகிழும் இளைஞர்கள் இந்த இரண்டாவது சில்லை விரும்பி வாங்கினார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை 300இல் ஓட்டவில்லை. 450இல் ஓட்டினார்கள்! சில்லைத் திறக்கவில்லை, எதையும் பற்றவைக்கவில்லை. ஓர் எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். கடிகாரத்தை மிகையாக ஓட்டுவது என்று பொருள் கொள்ளலாம். எண்ணை மாற்றினால் வேகம் எப்படிக் கூடும்? அப்படியானால் சில்லின்மேல் 300 என்று அச்சிட்டது பொய்யா?

கணிப்பொறியின் பாகங்களைத் தாங்கும் தாய்ப்பலகையில் சிறு குவார்ட்ஸ் படிகம் ஒன்று உண்டு. கைக்கடிகாரத்தில் இருக்கும் படிகத்தின் உறவுதான் அது. மின்சாரம் பாய்ந்ததும் மாறாத அதிர்வெண்ணில் அதிரும். அந்த அதிர்விலிருந்து, மற்றப் பாகங்களுக்கு வேண்டிய துடிப்புகளை ஒரு மின்சுற்று உண்டாக்குகிறது. செலிரானுக்கு வந்த துடிப்பு ஏறத்தாழ 66.67 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 6 கோடியே 67 லட்சம். பிராசஸர் இதைத் தனக்குள் 4.5ஆல் பெருக்கிக்கொள்ளும். பெருக்கிப் பாருங்கள்: 300.

4.5 என்னும் பெருக்கெண்ணை இன்டெல் சில்லுக்குள்ளேயே பூட்டிவிட்டது. ஆனால் பெருக்கப்படும் எண் வெளியிலிருந்து அல்லவா வருகிறது? அதை 100 ஆக்கினால் விடை 450! ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற தாய்ப்பலகைகளில், கணிப்பொறி தொடங்கும்போது திரையில் தோன்றும் பட்டியலிலேயே இதை மாற்றலாம். வேறு சில பலகைகள் எந்தத் துடிப்பு வேண்டும் என்பதைப் பிராசஸரிடமே கேட்டறியும். பிராசஸர் அட்டையின் விளிம்பிலுள்ள 242 தொடுமுனைகளில் ஒன்று அதற்குப் பதில் சொல்லும். அந்த ஒரு முனையின்மேல் நகப்பூச்சைத் தடவி அதன் வாயை அடைத்தவர்களும் உண்டு.

சரி, கடிகாரம் வேகமாகத் துடித்தால் சில்லும் வேகமாக வேலை செய்துவிடுமா? மாடிக்குத் தளம் போடும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டிகளைக் கைமாற்றுகிறார்கள். மேஸ்திரி குரல் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் சட்டி ஒரு கை நகர வேண்டும். குரல் விரைவானால் வேலையும் விரைவாகும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால், வரிசையில் மெதுவாகத் திரும்பும் அந்த ஒருவர் கையில் சட்டி சேருமுன் அடுத்த குரல் வந்துவிடும். சட்டி கீழே விழும். மற்ற இருபது பேரும் எவ்வளவு சுறுசுறுப்பானவர்கள் என்பது அங்கே கணக்கில்லை.

சில்லிலும் இதே கதைதான். செலிரான் 300ஏயில் 1 கோடியே 90 லட்சம் டிரான்சிஸ்டர்கள். ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே, மின்குறி பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து 0 அல்லது 1 என்ற நிலையில் அமைந்துவிட வேண்டும். 300 மெகாஹெர்ட்ஸில் இதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் நூறு கோடியில் 3.33 பங்கு. 450இல் அது 2.22 பங்காகச் சுருங்குகிறது. மிக நீண்ட பாதையில் செல்லும் மின்குறியும் அதற்குள் வந்து சேர்ந்தால் கணக்குச் சரியாகும். இல்லையேல் தவறான எண் பதிவாகும்.

ஆக, 300 என்பது இயற்கை விதித்த எல்லையன்று. கடும் வெயிலிலும், மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலும், ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடும் என்று தயாரித்தவர் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த உறுதிக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் எண்ணை அச்சிடுவார்கள். செலிரான் விஷயத்தில் அந்த இடைவெளி அசாதாரணமாகப் பெரியது. விலை உயர்ந்த பென்டியத்தைப் போலவே 0.25 மைக்ரான் முறையில் செய்யப்பட்ட சில்லு அது. பென்டியத்தின் 512 கிலோபைட் இடைநினைவகம் தனிச் சில்லுகளில் இருந்து பாதி வேகத்தில்தான் ஓடியது. செலிரானுக்கு 128 கிலோபைட்தான். ஆனால் பிராசஸருடன் ஒரே சில்லில் அமைந்து முழு வேகத்தில் ஓடியது. ஆகவே விளையாட்டுகளில் 450இல் ஓடிய செலிரான், பென்டியத்துக்கு ஏறக்குறைய ஈடு கொடுத்தது. மலிவுச் சரக்கு வேண்டும் என்ற வியாபாரத் தேவைதான் அதன்மேல் 300 என்று எழுதியது என்பேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதே துடிப்பைப் பகுத்துத்தான் மற்ற அட்டைகளுக்கும் வட்டுக்கும் செல்லும் பாதை இயங்கியது. அதற்கு உரிய அளவு 33.3 மெகாஹெர்ட்ஸ். 66.67ஐ இரண்டால் வகுத்தாலும் 33.3, 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33.3. எனவே 100இல் அந்தப் பாதைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. துணிச்சல் குறைந்த சிலர், 'அவ்வளவு வேண்டாம், 83 போதும்' என்று நிறுத்தினார்கள். 83ஐ இரண்டால் வகுத்தால் 41.5. அந்த வேகத்தைத் தாங்காமல் பலருடைய வட்டில் இருந்த கோப்புகள் சிதைந்தன. அடக்கமான வேகமே ஆபத்தான வேகமாயிற்று!

450இல் தடுமாறிய சில்லுகளும் இருந்தன. அவற்றுக்கு மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டிக் கொடுத்தார்கள். அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து நிலை மாறும். ஆனால் அதற்கு விலை உண்டு. மாறும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய மின்னேற்றம் ஏறி இறங்குகிறது; அந்த ஆற்றல் வெப்பமாகிறது. இந்த வெப்பம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். 2 வோல்ட்டை 2.2 ஆக்குங்கள். வேகம் 1.5 மடங்கு, அழுத்தத்தின் இருமடி 1.21 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.8க்கும் மேல்! வேகம் பாதி கூடியது, வெப்பமோ ஏறத்தாழ இருமடங்கு. பெரிய விசிறியும் அகன்ற அலுமினியத் தகடுகளும் இதனால்தான் தேவைப்பட்டன.

விளையாட்டு பாதியில் நின்றுபோனால் தவறு கண்ணுக்குத் தெரியும். ஒரு கணக்கில் ஒரே ஓர் இலக்கம் மாறினால் யாருக்குத் தெரியும்? இதைக் கண்டுபிடிக்கப் பலரும் பிரைம்95 என்ற நிரலைப் பயன்படுத்தினார்கள். மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது. விடை முன்பே தெரிந்த நீண்ட கணக்குகளைப் பிராசஸரிடம் கொடுத்து, மணிக்கணக்கில் சரிபார்க்கும். ஓர் இலக்கம் பிசகினாலும் நின்றுவிடும். இரவு முழுவதும் இதைத் தாங்கிய சில்லையே நம்பினார்கள்.

இன்றைய பிராசஸர்களில் இந்த இடைவெளி பெரிதாக இல்லை. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால், 2008க்குப் பின் வந்த பல சில்லுகள் தாமே தம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. முன்பு விளையாட்டுப் பிரியர்கள் கண்டெடுத்த மிச்சத்தை இப்போது தயாரிப்பாளரே எடுத்துக்கொள்கிறார். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் சில்லுகள் பல, காரணமின்றி நின்றுபோவதாகப் புகார் எழுந்தது. சில்லின் உள்நிரல் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதே முக்கியக் காரணம் என்று நிறுவனம் கண்டறிந்தது. புதிய உள்நிரலை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதுபட்ட சில்லுகளைப் புதிய உள்நிரல் குணப்படுத்தவில்லை. அவற்றை மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.