உஷ்ணம் தீட்டிய வர்ணம்

பூனையானது தான் வாழும் வீட்டை நேசிக்குமேயன்றி வீட்டாரை நேசிக்காது என்று நம்மவர் கூறுவதுண்டு. அக்கூற்றைத் தன் சுபாவத்தாலேயே மறுத்துரைக்கும் இனம் ஒன்று உண்டென்றால், அது சயாம் பூனையே.

சயாம் என்று முன்னாளில் வழங்கிய தாய்லாந்தே இதன் பூர்விகம். யானைக்கும் குதிரைக்கும் நம் நாட்டில் லக்ஷண நூல்கள் தோன்றியது போல, அந்நாட்டில் பூனைகளின் லக்ஷணங்களைச் செய்யுளாலும் சித்திரத்தாலும் விளக்கும் சுவடிகள் எழுதப்பட்டன. அவை சுபம் தருவனவாகப் போற்றும் பூனைகளுள் இதுவும் ஒன்று. லண்டன் மாநகரின் பளிங்கு மாளிகையில் 1871-ல் நடைபெற்ற பூனைக் கண்காட்சியில் இவ்வினம் மேல்நாட்டார் பார்வைக்கு வந்தது. பின்னர் 1884-ல், பாங்காக்கில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாயிருந்த கூல்ட் என்பார் ஃபோ, மியா என்னும் ஜோடியொன்றைத் தம் சகோதரிக்காக இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

இதன் உடல் வெண்ணெய் நிறம். முகம், செவி, பாதம், வால் ஆகியவை மட்டும் கருங்கபில நிறம். இந்த விசித்திரத்துக்குக் காரணம் உஷ்ணமே. ரோமத்துக்குக் கருமை தரும் மெலானினை உண்டாக்குவதில் டைரோசினேஸ் என்னும் என்ஸைமுக்கு முக்கியப் பங்கு உண்டு. சயாம் பூனையிடத்தில் அது பரம்பரையாகவே சற்று மாறுபட்டிருப்பதால், உடலின் வெதுவெதுப்பான பாகங்களில் செயலிழந்து, குளிர்ந்த ஓரங்களில் மட்டுமே தொழிற்படுகிறது. தாயின் கர்ப்பத்தில் எங்கும் ஒரே சூடாதலின் குட்டிகள் ஏறக்குறைய வெண்மையாகவே பிறக்கின்றன. சில நாட்கள் சென்றபின் செவியோரத்திலும் மூக்கு நுனியிலும் புகை படிந்தாற்போல ஒரு சாயல் மெல்லப் பரவுகிறது. சிகிச்சையின் பொருட்டு விலாப்புறத்து ரோமத்தை மழித்தால், போர்வை இழந்து குளிர்ந்த அவ்விடத்தில் முளைக்கும் ரோமம் கறுத்தே வளர்ந்து, அது உதிர்ந்து மறுபடி முளைக்கும்போதுதான் பழைய வெளிர்நிறத்தை அடையும். விழிகள் நீலமாயிருப்பதும், சிலவற்றுக்கு மாறுகண் அமைவதும் இதே நிறக்குறைவின் விளைவுகளாம்.

தோற்றத்தினும் விசேஷமானது குரல். கைக்குழந்தையின் அழுகையோ என ஐயுறும்படி கனத்து நீளும் அக்குரலால், பசி வந்தாலும், கதவு அடைத்திருந்தாலும், எஜமானர் வெளியே சென்று திரும்பினாலும் அது தன் கருத்தை உரைக்கும்; நாம் ஒரு சொல் சொன்னால் பதில் தரும்; நாம் அடுக்களைக்குப் போனால் பின்தொடர்ந்து வந்து, புத்தகத்தைப் பிரித்தால் அதன்மேலேயே அமர்ந்துவிடும். புத்திக்கூர்மையும் விளையாட்டு வேட்கையும் மிக்க இப்பிராணிக்கு ஏகாந்தம் ஆகாது. நெடுநேரம் தனித்து விடப்பட்டால் ஓயாது கத்தும், கம்பளியைக் கடித்துக் கிழிக்கும்.

ஆகவே, இதன் அழகில் மயங்கி வாங்க விழைவோர், நாள்தோறும் இதனோடு கழிக்கத் தமக்கு நேரம் உண்டா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடாயின், ஒன்றை வளர்ப்பதினும் இரண்டை வளர்ப்பதே அவ்வாயில்லாத ஜீவனுக்கு, இல்லை, இவ்வளவு வாய் படைத்த ஜீவனுக்கு, நாம் செய்யும் தர்மம்.