கனரகத் தொழிலில் மதிப்புப் பொறியியல் முறைத் தேர்வு

மதிப்புப் பொறியியல் என்பது ஒரு பொருளின் பயனைக் குறைக்காமல் அதற்கு ஆகும் செலவைக் குறைக்க முயலும் முறையான ஆய்வு ஆகும். இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய லாரன்ஸ் மைல்ஸ் கிடைக்காத பொருள்களுக்கு மாற்றுத் தேடினார். பொருளைத் தேடாமல், அது செய்யும் வேலையைத் தேடியதே அவர் கண்ட வழி. 1947 இல் இது தனி முறையாக உருப்பெற்றது.

இத்துறைக்குள் இன்று பல முறைகள் உள்ளன. ஃபாஸ்ட் வரைபடம் ‘எப்படி’, ‘ஏன்’ என்னும் கேள்விகளால் செயல்களைச் சங்கிலியாகக் கோக்கிறது. பரேட்டோ முறை செலவு மிகுந்த சில உறுப்புகளை மட்டும் ஆராய்கிறது. பிரித்தாய்வில் போட்டி நிறுவனத்தின் பொருளைக் கழற்றி ஒப்பிடுவர். மிக்சிக்கு இது எளிது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கொதிகலனை யார் வாங்கிக் கழற்றுவது?

எந்த முறை ஏற்றது என்பதில் சேமிப்பு, காலம், தரவு வசதி ஆகியவை ஒன்றோடொன்று முரண்படும். அப்போது பல அளவுகோல் முடிவெடுப்பு முறைகள் உதவுகின்றன. அவற்றுள் பரவலானது, தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு. இதில் அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எண் தருவர்.

ஓர் எடுத்துக்காட்டு: சேமிப்பு காலத்தைவிட 3 மடங்கும், தரவு வசதியைவிட 5 மடங்கும் முக்கியம், காலம் தரவு வசதியைவிட 3 மடங்கு முக்கியம் என்று கொள்வோம். கணக்கிட்டால் எடைகள் முறையே 0.64, 0.26, 0.10 எனக் கிடைக்கும். (3 × 3 = 9 என வரவேண்டிய இடத்தில் 5 உள்ளதே என்று மாணவர் கேட்கலாம். முரண்பாட்டு விகிதம் ஏறத்தாழ 0.03, 0.10 வரை ஏற்கப்படும்.)

பத்துக்கு ஃபாஸ்ட் 8, 4, 5 எனவும் பரேட்டோ 5, 8, 8 எனவும் மதிப்பெண் பெற்றால், ஃபாஸ்டின் மொத்தம் 6.66, பரேட்டோவின் மொத்தம் 6.08. ஃபாஸ்ட் வெல்கிறது. ஆனால் ஆலை நிறுத்தம் சில நாள்களே என்பதால் காலமும் சேமிப்புக்கு இணையான முக்கியத்துவம் பெற்று, எடைகள் 0.45, 0.45, 0.10 ஆகின்றன என்க. இப்போது ஃபாஸ்ட் 5.90, பரேட்டோ 6.65. மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது. எனவே எடைகளை மதிப்பெண் இடுவதற்கு முன்பே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் விரும்பிய முறைக்கு ஏற்ப எடையை வளைப்பது எளிது.

முறையைத் தேர்ந்தபின் அது தரும் மாற்று வடிவமைப்புகளையும் இவ்வாறே ஒப்பிடுவதுண்டு. அங்கே பாதுகாப்பை மற்றோர் அளவுகோலாகச் சேர்ப்பது தவறு. கூட்டல் முறையில் ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதி ஈடுசெய்துவிடும். கொதிகலன் குழாயின் தடிமன் போதாததை மலிவு விலை ஈடுசெய்ய முடியாது. பாதுகாப்பு விதிகளை நிறைவுசெய்யாத வடிவமைப்பை முதலிலேயே நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கே மதிப்பெண் இட வேண்டும்.