ஸ்லாட்டாவுக்கு மூன்று பாட்டு

அக்காவின் மகளுக்குப் பதினேழு வயது. கணினி விளையாட்டில் வரும் பாத்திரங்களுக்குப் பாட்டுப் பட்டியல் போடுவது அவளுக்கும் சிநேகிதிகளுக்கும் பொழுதுபோக்கு. இந்த ஆள் உண்மையில் இருந்தால் எதைக் கேட்பார் என்று யோசித்து, பத்துப் பன்னிரண்டு பாட்டுகளை அடுக்கி ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். போன மாதம் ஒன்றை என்னிடம் காட்டினாள். “மாமா, இது சண்டைக்குள்ள இருக்கிற ஒரு பிள்ளைக்கு. சரியா எண்டு பாருங்கோ.”

விளையாட்டின் பெயர் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’. போலந்தின் 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014இல் வெளியிட்டது. இதில் நாம் படையினராக வருவதில்லை. முற்றுகையிடப்பட்ட நகரமொன்றில், உடைந்த வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் பொதுமக்களாக வருகிறோம். பகலில் சினைப்பர் பயத்தில் வெளியே போக முடியாது. இரவில் ஒருவர் போய் உணவும் மருந்தும் தேடி வரவேண்டும். நகரத்தின் பெயர் கற்பனை. ஆனால், 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை நீடித்த சரயேவோ முற்றுகைதான் இதற்குத் தூண்டுதல். அந்த வீட்டில் இருப்பவர்களில் ஒருத்தி ஸ்லாட்டா. இசைக்காரி. கிற்றார் கிடைத்தால் வாசிப்பாள், மற்றவர்களின் மனம் கொஞ்சம் தேறும்.

மருமகளின் பட்டியல் முழுக்க அழுகை. முதலாவதாக அல்பினோனியின் அடாஜியோ. (அல்பினோனியின் பெயரில் புகழ்பெற்றாலும் அதை 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசொட்டோ.) காரணம் இருந்தது. 1992 மே 27 அன்று சரயேவோவில் பாணுக்காக வரிசையில் நின்றவர்கள் மீது குண்டு விழுந்தது. இறந்தவர்களுக்காக வெட்ரான் ஸ்மைலோவிச் என்ற செலோக் கலைஞர் தெருவில் அமர்ந்து அதைத்தான் வாசித்தார். அடுத்தது மொசார்ட்டின் ரெக்வியம். எரிந்த தேசிய நூலகத்தின் இடிபாட்டுக்குள் 1994 ஜூனில் சுபின் மேத்தாவின் நெறியாள்கையில் அது இசைக்கப்பட்டது. எரிந்த நூலகம் என்றதும் எனக்கும் தொண்டை அடைத்ததுதான்.

ஆனால், அந்த இரண்டும் இறந்தவர்களுக்கான இசை. ஸ்லாட்டா உயிரோடு இருக்கிறாள். அவளுக்குச் சமைக்கவேண்டும், தண்ணீர் எடுக்கவேண்டும், விறகு உடைக்கவேண்டும்.

“கரண்ட் எங்கால வரும்?” என்று கேட்டேன். அவள் அதை யோசிக்கவில்லை.

சரயேவோ முற்றுகைக்குள் இருந்த அதே ஆண்டுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். தமிழோசை முடிந்த பிறகும் கையில் தெம்பிருந்தால் ஒரு கசற். சுற்றுவது அக்கா, கேட்பது நாங்கள். அவளுக்குக் கை சோர்ந்தால் பாடகரின் குரல் இழுபட்டு, தடித்து, நின்றுவிடும். மிச்சத்தை வாயால் பாடி முடிப்போம். அதனால் எல்லோருக்கும் முழுதாகத் தெரிந்த பாட்டுகளையே போடுவோம்.

இன்னொன்றும் இருந்தது. பாட்டு நடந்துகொண்டிருக்கையில் அம்மா திடீரென்று “நிப்பாட்டுங்கோ” என்பார். எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்போம். பொம்மர் சத்தமா, வெறும் காற்றா? பாட்டுச் சத்தத்தில் அது கேட்காமல் போனால் பங்கருக்குள் ஓட நேரமிராது. இந்த விளையாட்டிலும் இரவில் வெளியே போனவர் காலடிச் சத்தத்துக்குப் பயப்படவேண்டும். ஆகவே, ஸ்லாட்டாவின் பட்டியலில் பாட்டைவிட அமைதிக்கே கூடுதல் இடம் வேண்டும் என்றேன். காதில் மாட்டிக் கேட்கும் பிள்ளைக்கு இது வினோதமாகப் பட்டது.

கடைசியில் மூன்றுதான் மிஞ்சின. ஒன்று, ‘கட் யா பொஜொஹ் நா பெம்பாஷு’. சரயேவோவின் பழைய காதல் பாட்டு. பெம்பாஷா என்பது மில்யாட்ஸ்கா ஆற்றோரத்தில் உள்ள இடம். முற்றுகைக்குள் இருப்பவளுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது, போக முடியாது. எனக்கு இதுதான் பட்டியலிலேயே சரியான தெரிவு.

இரண்டாவது, ‘ஜுர்ஜெவ்டான்’. 1974இல் சரயேவோவில் தொடங்கிய பியேலோ டுக்மே என்ற ரொக் குழு, ரோமா மக்களின் மெட்டொன்றை எடுத்து 1988இல் வெளியிட்ட பாட்டு. யுத்தத்துக்கு முன் அந்த நாட்டில் எல்லோர் வாயிலும் இருந்தது. ரேடியோ பாதியில் நின்றாலும் வீட்டில் உள்ளவர்கள் பாடி முடிப்பார்கள்.

மூன்றாவது, ஸ்லாட்டா தானே கிற்றாரில் வாசிப்பது. அதற்குப் பற்றரி தேவையில்லை. அம்மா மாதிரி யாராவது கையைக் காட்டினால் உடனே நிறுத்தவும் முடியும். அதை எப்படிப் பட்டியலில் போடுவது என்று மருமகள் குழம்பினாள். இடத்தை வெறுமையாக விட்டு, பெயரை மட்டும் எழுதினாள்.

பிறகு குசினிக்குள் போய்த் தாயிடம், “அம்மா, நீங்கள் சுத்தேக்க என்ன பாட்டுப் போட்டனீங்கள்?” என்று கேட்டாள். அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள்.

“பாட்டு ஞாபகமில்லையடி. நான் சுத்திற சத்தத்தில எனக்கு எங்க பாட்டுக் கேட்டது?”