புது லேப்டாப்பில் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் எறும்பு சைஸில் தெரிகிறதா? காரணம் இதுதான்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. இதனால் பழைய கம்ப்யூட்டரை ஓரம் கட்டிவிட்டு புதுசு வாங்க வேண்டிய கட்டாயம் பலருக்கு. திருமுருகன்பூண்டி, அவிநாசி, திருப்பூர் பக்கம் உள்ள பனியன் கம்பெனி ஆபீஸ்களும் இதற்கு விலக்கில்லை.

கம்ப்யூட்டர் புதுசு, ஆனால் ஸ்டாக், ஜாப் ஒர்க், டெலிவரி சலான் எல்லாம் ஓடுவது பல வருஷப் பழைய சாஃப்ட்வேரில். அதைத் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், இல்லையென்றால் மங்கலாகத் தெரியும். ‘மானிட்டர் ரிப்பேரா, நம்ம கண்ணுதான் ரிப்பேரா’ என்ற சந்தேகமே வந்துவிடும். ரெண்டுமே இல்லை.

எல்லாம் புள்ளிக் கணக்கு!

திரையில் தெரியும் எல்லாமே பிக்சல் எனும் குட்டிக் குட்டிப் புள்ளிகள்தான். 24 இன்ச் ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஒரு இன்ச்சுக்கு சுமார் 92 புள்ளிகள் இருக்கும். அதுவே 15.6 இன்ச் 4கே லேப்டாப்பில் சுமார் 282 புள்ளிகள்.

பழைய சாஃப்ட்வேரை எழுதியவர்கள், ஒரு இன்ச்சுக்கு 96 புள்ளி என்ற விண்டோஸ் கணக்கை நம்பி, ‘இந்த பட்டன் 32 புள்ளி அகலம்’ என்று நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டார்கள். அந்த பட்டன் பழைய மானிட்டரில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் இருக்கும். 4கே லேப்டாப்பில் 3 மில்லிமீட்டர்கூட தேறாது.

மங்கல் ஏன்?

இதைச் சமாளிக்க, 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா முதலே ஒரு வழி உண்டு. பழைய சாஃப்ட்வேரை 96 புள்ளிக் கணக்கிலேயே வரைய விட்டு, அந்தப் படத்தை விண்டோஸே இழுத்துப் பெரிதாக்கும். சின்ன போட்டோவை ஜூம் செய்வது மாதிரிதான். அளவு சரியாகும், ஆனால் எழுத்து மங்கும்.

‘எனக்கு நானே பெருசாகிக்குவேன்’ என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு, அதை அரைகுறையாகச் செய்யும் சாஃப்ட்வேர்களும் உண்டு. இதில்தான் சிக்கல் அதிகம். எழுத்து பெரிதாகும், அதை அடக்கும் கட்டம் பெரிதாகாது. 1,250 பீஸ் என்பதில் கடைசி எண் கட்டத்துக்கு வெளியே போனால் 125 என்று கண்ணில் படும். எல், எக்ஸ்.எல். என சைஸ் வாரியாகப் பீஸ் போடும் தொழிலில், இப்படி ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால் கட்டிங், பேக்கிங் வரை கணக்கு உதைக்கும்.

சரிசெய்வது எப்படி?

1. சாஃப்ட்வேரை மூடிவிட்டு, அதன் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ போங்கள்.

2. ‘கம்பாட்டிபிளிட்டி’ பகுதியில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ பட்டனை அழுத்துங்கள்.

3. கீழே ‘ஓவர்ரைடு’ என்று தொடங்கும் வரிக்கு டிக் போட்டு, ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஓகே கொடுத்து, சாஃப்ட்வேரை மீண்டும் திறந்து பாருங்கள்.

2017-ல் விண்டோஸ் 10-ல் வந்த வசதி இது. பல பழைய சாஃப்ட்வேர்களில் கட்டத்தையும் எழுத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், எழுத்தும் தெளிவாக இருக்கும். இதில் திரை தாறுமாறாகத் தெரிந்தால், வெறும் ‘சிஸ்டம்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஆனால் கட்டங்கள் பழைய அமைப்பிலேயே நிற்கும். ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தொட வேண்டாம். அதைக் கொடுத்தால் பல பழைய சாஃப்ட்வேர்கள் மறுபடி எறும்பு சைஸுக்கே போய்விடும்.

ரெசல்யூஷனைக் குறைத்தால் போதாதா?

எழுத்து பெரிதாகும், உண்மைதான். ஆனால் மற்ற எல்லா சாஃப்ட்வேரும் சேர்ந்து தெளிவை இழக்கும். அதனால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு மறக்காதீங்க!

செட்டிங்கை மாற்றிய கையோடு, பெரிய எண்கள் உள்ள பழைய சலான் ஒன்றைத் திரையில் திறந்து, ஏற்கெனவே பிரிண்ட் எடுத்த தாளோடு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள். பார்கோடு லேபிள் அடிப்பவர்கள் ஒரு லேபிளை அடித்து, ஸ்கேன் ஆகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் அதைப் புதுத் திரைகளுக்கு ஏற்ப மாற்றித் தருவதுதான். அதுவரை, புது லேப்டாப் வாங்கும் முன் உங்கள் சாஃப்ட்வேரைக் கடையிலேயே அதில் ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், பழைய மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது லேப்டாப்பில் கேபிள் போட்டு அதையே இணைத்தால், அந்த சாஃப்ட்வேர் பழைய அளவிலேயே தெரிய வாய்ப்பு அதிகம்.