அப்பாவின் மளிகைக் கடைக்கும் அதில் இடம் உண்டு! எம்.பி.ஏ. ரெஸ்யூமே எழுதப்போகிறவர்கள் கவனத்துக்கு...

கேட் தேர்வு நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மார்க்குகள் அதற்கு முன்பே முடிவானவை. எம்.பி.ஏ. கனவோடு இருப்பவர் அதற்குப் பிறகும் உட்கார்ந்து திருத்த முடிகிற விஷயம் என்று பார்த்தால், ரெஸ்யூமேதான் மிச்சம். ஆனால் பலரும் அதைத்தான் கடைசி நாள் ராத்திரிக்குத் தள்ளிப்போடுகிறார்கள். வேலை தேடியபோது செய்த பழைய ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, அப்படியே அப்லோடு செய்துவிடுகிறார்கள்.

பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுப் படிப்புக்கான கட்டணம் மட்டுமே இப்போது 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கல்விக் கடன் வாங்கி, நல்ல வேலையை விட்டுவிட்டுப் போகிற படிப்பு. அதற்கான நுழைவாயிலில் நிற்கும் காகிதத்துக்கு ஒரு ராத்திரி போதாது.

முதலில், இந்தக் காகிதம் எங்கே வேலைசெய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐ.ஐ.எம்.களின் முதல்கட்டத் தேர்வு பெரும்பாலும் கணக்குதான். கேட் மதிப்பெண், பள்ளி மற்றும் கல்லூரி மதிப்பெண்கள், எத்தனை மாத வேலை அனுபவம் என்பதையெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சூத்திரம் வைத்துக் கூட்டிப் பார்க்கிறது. அங்கே ரெஸ்யூமேவின் அழகை யாரும் பார்ப்பதில்லை. நேர்காணல் மேசைக்குப் போன பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. ஹைதராபாத், மொஹாலியில் இருக்கும் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ், ஹார்வர்டு போன்ற வெளிநாட்டுக் கல்லூரிகளின் கதை வேறு. அங்கே முதல் நாளிலிருந்தே ரெஸ்யூமேவையும் கட்டுரைகளையும் உட்கார்ந்து படிக்கிறார்கள். சில அமெரிக்கக் கல்லூரிகளில் நேர்காணல் நடத்துபவர் கையில் விண்ணப்பத்தின் மற்ற எந்தப் பகுதியும் இருக்காது, ரெஸ்யூமே மட்டும்தான் இருக்கும்.

அப்படியானால், நேர்காணலுக்கான கேள்வித்தாளில் பாதியை விண்ணப்பதாரரே தயாரித்துக் கொடுக்கிறார் என்று அர்த்தம். இது தேர்வு எழுதுகிற யாருக்கும் கிடைக்காத சலுகை!

அம்மாவுக்குப் புரிகிறதா?

கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்த பெண் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய ரெஸ்யூமேவில் முதல் கால் பக்கம் ஜாவா, எஸ்.க்யூ.எல்., ஜிரா என்று டூல்களின் பட்டியல். அடுத்து, 'காப்பீட்டு நிறுவனத்துக்கான புரொடக்‌ஷன் சப்போர்ட் பணிகளுக்குப் பொறுப்பு' என்று ஒரு வரி. வேலைக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆருக்கு இது போதும். அவருக்குத் தேவை, ஜாவா தெரிந்த ஆள். பிசினஸ் ஸ்கூல் தேடுவது வேறு. இவர் இருந்ததால் அந்த இடத்தில் என்ன மாறியது, நாளைக்கு நான்கு பேரை வைத்து வேலை வாங்குவாரா, வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்ல இவரிடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 'பொறுப்பு' என்று முடிகிற வரியில் இதில் எதற்குமே பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எளிய வழி கைகொடுக்கும். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம் என்றாலும், செய்த வேலையை முதலில் வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். 'ஒரே தப்பு மாசத்துக்கு 60 தடவை திரும்பத் திரும்ப வந்துச்சும்மா. வந்தப்பல்லாம் சரிபண்ணி அனுப்பிட்டு இருந்தோம். நானும் ரெண்டு ஜூனியரும் உட்கார்ந்து அது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சோம். இப்போ மாசத்துக்கு 9 தடவைதான் வருது. நைட் ஷிஃப்டுக்கு ரெண்டு பேருக்குப் பதிலா ஒரு ஆள் போதும்னு ஆயிடுச்சு.' அம்மாவுக்குப் புரிந்துவிட்டதா? இதையே ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்கினால் அதுதான் ரெஸ்யூமே. பிரச்னை, இவர் செய்தது, விளைவு என்று மூன்றுமே அதில் வந்துவிட்டன. டூல்களின் பெயர்கள் கடைசியில் ஒரு வரியில் இருந்தால் போதும்.

'என் வேலையில் நம்பரே இல்லையே' என்பது பலருடைய புலம்பல். தேடினால் கிடைக்கும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார், எத்தனை நாள் வேலை எத்தனை நாளானது, எத்தனை கிளைகள், எவ்வளவு பணம் என்று ஏதோ ஒன்று இருக்கும். துல்லியமாகத் தெரியாவிட்டால் 'சுமார்' போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று நேர்காணலில் கேட்டால், பேப்பரில் கணக்குப் போட்டுக்காட்டத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால், 'அமெரிக்காவின் பெரிய காப்பீட்டு நிறுவனம்' என்று எழுதினாலே போதும்.

விட்டுப்போகும் வரிகள்

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. ஒரு நாள் ஆன்லைன் கருத்தரங்குக்கு வந்த சான்றிதழைப் பெருமையாக எழுதுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்ததை எழுத மாட்டார்கள். 'அதெல்லாம் ஒரு அனுபவமா?' என்ற கூச்சம்தான் காரணம்.

அனுபவம்தான். உதாரணத்துக்கு, கடையின் கடன் நோட்டில் 140 குடும்பங்களின் பாக்கி இருக்கிறது. மகன் அதை எக்செல்லுக்கு மாற்றுகிறார். யார் யாரிடம் ஆறு மாதத்துக்கும் மேலாகப் பணம் நிற்கிறது என்று பிரிக்கிறார். சம்பளத் தேதியைப் பார்த்து வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்புகிறார். ஒரே வருடத்தில் பழைய பாக்கி மூன்று லட்சத்திலிருந்து ஒரு லட்சமாகக் குறைகிறது. எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை. எம்.பி.ஏ. வகுப்பில் இதற்கு 'வொர்க்கிங் கேப்பிட்டல்' என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். பையன் அதைச் செய்தே முடித்துவிட்டார். பேராசிரியர் ஆர்வமாகக் கேள்வி கேட்பார் என்றால் அது இந்த வரியில்தான். அந்தக் கருத்தரங்குச் சான்றிதழைப் பற்றிக் கேட்க அவருக்கு என்ன இருக்கப்போகிறது?

தெருப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் டியூஷன் எடுத்தது, ஊர்த் திருவிழா வரவு செலவைப் பார்த்தது, என்.எஸ்.எஸ். முகாமில் 7 நாளும் 50 பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தது... எல்லாமே இந்த வகைதான். வேலை அனுபவம் இல்லாத கடைசி வருட மாணவர்களுக்கு இவையே பலம்.

இடைவெளிகளையும் மறைக்க வேண்டாம். சிவில் சர்வீஸ் தேர்வுக்கோ குரூப் 1 தேர்வுக்கோ இரண்டு வருடம் படித்தது, அப்பாவின் சிகிச்சைக்காக வேலையை விட்டது, குழந்தைப்பேறுக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்தது. எதுவாக இருந்தாலும் ஆண்டைப் போட்டு ஒரு வரியில் சொல்லிவிடலாம். மாதங்களை முன்னே பின்னே நகர்த்தி ஓட்டையை அடைப்பதுதான் ஆபத்து. தேர்வான பிறகு வெளி நிறுவனத்தை வைத்து வேலை, பதவி, சம்பளம் எல்லாவற்றையும் சரிபார்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. பொய் தெரிந்தால் கொடுத்த சீட்டையே ரத்து செய்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் மேனேஜருக்கும் ரெஸ்யூமேவின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுவது நல்லது. இவர் 'குழுவை வழிநடத்தினேன்' என்று எழுத, அவர் 'குழுவில் நல்ல உறுப்பினர்' என்று எழுதினால் சிக்கல்தான்.

சாட்ஜிபிடியிடம் ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லலாம், அதற்குமுன் அந்தக் கல்லூரியின் ஏ.ஐ. விதிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் விஷயத்தையே அதனிடம் கேட்டு வாங்கினால், விண்ணப்பதாரர் வாயால் உச்சரிக்கத் திணறும் வார்த்தைகள் ரெஸ்யூமேவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீளம் ஒரு பக்கம். பத்து வருட அனுபவம் உள்ளவர்கள்கூட அதற்குள் அடக்கத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பொதுவாக எதிர்பார்ப்பது அதுதான். இடம் போதவில்லை என்பவர்கள் முதலில் வெட்ட வேண்டியது போட்டோ, அப்பா பெயர், மதம், திருமண நிலை, 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று கையெழுத்தோடு முடியும் உறுதிமொழி ஆகியவற்றை. கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டாவில் அவை இருக்கட்டும்! இடஒதுக்கீட்டு விவரங்களுக்கு விண்ணப்பப் படிவத்திலேயே தனி இடம் உண்டு. கல்லூரி சி.ஜி.பி.ஏ.வை அமெரிக்காவின் 4 புள்ளிக் கணக்குக்குச் சொந்தமாக மாற்றவும் வேண்டாம். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே எழுதினால் போதும்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் படிப்பது, பாட்டு கேட்பது' என்று எழுதுகிறவர்கள், கடைசியாகப் படித்த புத்தகம் என்ன என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும். மாவட்ட அளவில் கபடி, ஆறு வருடமாகச் சிலம்பம், மாடித் தோட்டம் என்று குறிப்பாக எழுதினால் பேச்சு தானாக வளரும். எதுவும் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

எழுதி முடித்ததும் பி.டி.எஃப். ஆக்கி, அதை மொபைலிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். ஃபைலின் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 3' என்று இல்லாமல் விண்ணப்பதாரரின் பெயராக இருக்கட்டும். நேர்காணலுக்கு அச்செடுத்துக் கொண்டுபோகும் பிரதியும், விண்ணப்பத்தில் ஏற்றிய பிரதியும் ஒன்றாகவே இருப்பது நல்லது. இடையில் பதவி உயர்வு கிடைத்திருந்தால், அதை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.